ஆட்டிப் பார்த்து எடுத்த வண்டிகள்

ஓசூர்,
3 ஜூன் 2025

அண்ணனுக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் அப்பா பிரித்துவிடுவார் என்று பட்டறை விலாசத்துக்கு அனுப்புகிறேன். போனில் பேச முடிந்திருந்தாலும் உன் குரல் உயர்ந்ததும் எனக்கு வார்த்தை நின்றுவிடும். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

மீரான் பாயின் லாரிகள் குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது பின் ஆக்ஸில் துள்ளுகிறது என்று உன்னிடம் கொண்டுவந்தார்கள். நீ எனக்குப் போன் செய்தாய். "ஏட்டி, நீ படிச்ச படிப்புக்கு இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றாய். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அலுவலகம் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து, அறைத்தோழி தூங்குவதற்குள் கட்டிலில் உட்கார்ந்து வரைந்தேன்.

வரைந்தது என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ஏற்றத்தில் டிரைவர் கிளட்சை விடும்போது எஞ்சினின் வேகம் ஆக்ஸிலை முறுக்குகிறது. ஆக்ஸிலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளும் அதோடு முறுகி, பிறகு உதறிக்கொண்டு திரும்புகின்றன. அதுதான் துள்ளல். அதைத் தடுக்க ஒரு கம்பி. அதன் ஒரு முனை ஆக்ஸிலில் பிராக்கெட் வைத்துப் பிடித்திருக்கும். மறுமுனை வண்டியின் சட்டமான சேஸில் ஒரு சின்ன இணைப்பில் ஊஞ்சல்போலத் தொங்கும். முறுக்கத்தைக் கம்பி பிடித்துக்கொள்ளும். லோடுக்குப் பட்டை மேலும் கீழும் போய் வருவதை அந்த ஊஞ்சல் விட்டுக்கொடுக்கும். ஊஞ்சல் இல்லாவிட்டால் அந்தக் கம்பியே பட்டைக்கு எதிரி.

போன மாதம் நான் ஊருக்கு வந்திருந்தபோது முதல் வண்டி தயாராக நின்றது. டிரைவர் சிவசங்கரன் அடியில் புகுந்து கம்பியைப் பிடித்து ஆட்டினார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். வேலை முடிந்ததென்றால் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் வேலை சரியில்லை.

"என்ன வே செந்திலு, லொட லொடங்குது. கட்டுன அன்னைக்கே ஆடுதே" என்றார்.

"காலேஜ் வேலைல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு வெல்டிங் ஹோல்டரை எடுத்து அந்த ஊஞ்சலைச் சுற்றிலும் பத்தவைத்தாய். ஆறியதும் சிவசங்கரன் மறுபடி ஆட்டினார். அசையவில்லை. "இப்பம் சரி" என்றார்.

நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். "அண்ணே, அது ஆடணும்" என்று சொன்னேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையா, அல்லது யாருக்கும் கேட்காத மாதிரிதான் நான் சொன்னேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஓசூர் திரும்பியதும் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்பதை எழுத மாட்டேன்.

அதன் பிறகு ஆறு வண்டிக்கும் அப்படியே செய்து கொடுத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். ஆறில் ஒன்று அப்பா ஓட்டுவது. நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்கண்ணனுக்குத் தெரியாததா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அண்ணே, மெயின் பட்டை முறியும். நாளைக்கே முறியாது. லோடு ஏறி ஏறி இறங்கி, ஒரு நாள், ஏற்றத்தில் வைத்து முறியும். ஆறையும் கூப்பிட்டு அந்த வெல்டை வெட்டி எடுத்துவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சுகிர்தா

*

பேட்டை,
14 ஜூன் 2025

சுகிர்தாவுக்கு,

கடைசிவரை படித்தேன். கிழிக்கவில்லை. பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். நம் வம்சத்தில் வந்த முதல் இஞ்சினியரின் கையெழுத்து.

ஆறு வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் துள்ளவில்லை. அதில் ஒன்றை ஓட்டும் கோமதிசங்கர் தினமும் போகிற போக்கில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். "செந்திலு, இப்பம் ஏத்தத்துல கையில டீ கிளாஸ் வச்சிக்கிட்டு ஓட்டலாம்டே" என்கிறான். ஓட்டுகிறவன் சொல்வதை நான் நம்புவேனா, ஓசூரில் ஏசி ரூமில் இருக்கிறவள் சொல்வதை நம்புவேனா?

நீயும் இந்தப் பட்டறை வாசலில் வளர்ந்தவள்தான். ஆட்டிப் பார்த்து ஆடினால் அந்த டிரைவர் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியாதா? அடுத்த பட்டறைக்குப் போவான். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போவான். உன் படத்தில் அம்புக்குறி இருக்கிறது, அளவு இருக்கிறது, எந்த இரும்பு என்று இருக்கிறது. டிரைவர் ஆட்டிப் பார்த்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. அதற்கு நான் ஒரு பதில் வைத்தேன். வெல்டிங்.

அப்பா இரண்டு பிள்ளையில் ஒன்றைத்தான் படிக்க வைக்க முடியும் என்றபோது ஒன்பதாவதை விட்டுப் பட்டறைக்குப் போனவன் நான். வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிந்து ராத்திரியெல்லாம் உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். நீ பக்கத்தில் பாடம் படிப்பாய். விளக்கை அணை என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இதை நீ கடிதத்தில் எழுத மாட்டாய் என்று தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

ஆறு வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு வெட்டினால் மீரான் பாய் என்ன கேட்பார்? "அப்போ முன்ன செஞ்சது தப்பா?" அன்றோடு பேட்டையில் என் போர்டை இறக்கிவிட வேண்டியதுதான். உனக்கு என்ன, அந்தப் போர்டில் உன் பெயரா இருக்கிறது?

செந்தில்முருகன்

*

ஓசூர்,
22 ஜூன் 2025

அண்ணனுக்கு,

போர்டில் என் பெயர் இல்லை. சரி. ஆனால் மீரான் பாய் "யாரு போட்ட படம் இது, நல்லாருக்கே" என்று கேட்டபோது, "ஓசூர்ல ஒரு சார் போட்டுத் தந்தாரு" என்று சொன்னாய். நான் பின்னாலேயே நின்றேன். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரு பெண்பிள்ளை போட்ட படம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நீ நினைத்திருப்பாய். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த 'சார்' யார் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன வயது, மீசை உண்டா, அவர் சொன்னால் நீ வெல்டிங் வைத்திருப்பாயா என்று.

உருளைக்கிழங்கு எனக்கு நினைவிருக்கிறது. அதை வெட்டித் தந்தது நான். நீ கண்ணை மூடியிருந்ததால் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. மீரான் பாயிடம் நானே சொல்லலாம். நம்பர்கூட இருக்கிறது. இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். சொன்னால் உன் பட்டறை போகும், அதை நான் செய்ய மாட்டேன் என்று உனக்கும் தெரியும்.

அதனால் குறைத்துக் கேட்கிறேன். ஐந்து வண்டியை விட்டுவிடு. அப்பா வண்டியில் மட்டுமாவது அந்த வெல்டை வெட்டிவிடு. யாருக்கும் தெரிய வேண்டாம். கிரீஸ் அடிக்க வரும்போது செய்தால் அப்பாகூடக் கவனிக்க மாட்டார்.

சுகிர்தா

*

பேட்டை,
5 ஜூலை 2025

சுகிர்தாவுக்கு,

அப்பா வண்டியைப் பற்றி இனி எழுதாதே. என் அப்பாவும்தான்.

பட்டறையில் வேலை நெருக்குகிறது. நாங்குநேரியிலிருந்து ஒரு லாரி முதலாளி வந்து மீரான் பாய் வண்டிகளை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் இதே மாதிரி வேண்டுமாம். உன் படத்தைப் பிரேம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். நான் அன்று மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன்.

செந்தில்முருகன்

*

பேட்டை, வீடு,
27 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நீ சாத்தான்குளத்தில் மாமனார் வீட்டில் இருப்பதாக அண்ணி சொன்னாள். எப்போது வருவாய் என்று அவளுக்கும் தெரியவில்லை. பட்டறை ஷட்டர் மூடியிருக்கிறது. வாசலில் யாரோ செங்கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எறிவதற்கா, உட்காருவதற்கா தெரியவில்லை. நான் எடுத்து ஓரமாக வைத்தேன்.

சேதி கேட்டதும் லீவு சொல்லிவிட்டு வந்தேன். கோமதிசங்கர் அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தேன். லோடோடு பள்ளத்திலிருந்து ஏறும்போது மெயின் பட்டை முறிந்து, ஆக்ஸில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வண்டி பின்னால் வழுக்கிச் சாய்ந்திருக்கிறது. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அன்னத்தாய் அக்கா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படம் போட்டது நீயாம்லா தாயி. உங்கண்ணன் சொல்லிச்சு" என்றாள். "படிச்ச பிள்ள, கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாம்."

சார் போட்ட படம் இப்போது தங்கச்சி போட்ட படமாகிவிட்டது. வண்டி ஓடியவரைக்கும் அவர், முறிந்த பிறகு நான். அக்கா முன்னால் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலையில் அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முன் சக்கரம் பக்கம் குழாயோடு அவர் நின்றபோது நான் பின்பக்கமாக அடியில் புகுந்தேன். சுடிதார் முழுக்கக் கிரீஸ். கம்பியைப் பிடித்து ஆட்டினேன்.

ஆடியது.

வெல்டை வெட்டி, அரத்தால் ராவி, பெயின்ட் அடித்திருக்கிறாய். ஊஞ்சல் இணைப்புக்குள் புதுப் புஷ்கூடப் போட்டிருக்கிறாய். சுத்தமான வேலை. நான் வரைந்தது எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அப்படியே இருந்தது. ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தபடி கொஞ்ச நேரம் அதையே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாளும் நீ என்னை நம்பவில்லை என்று கோபமாக இருந்தேன். நம்பியிருக்கிறாய். நம்பிவிட்டுத்தான் மற்ற ஐந்து வண்டிக்கும் ஹாரன் சத்தம் கேட்டுக் கையாட்டியிருக்கிறாய். கோமதி அண்ணன் டீ கிளாஸ் கதை சொன்னபோதும் உனக்குத் தெரியும்.

மீதி நாலு வண்டியும் இன்றைக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறுகின்றன. நீ வந்து வெட்டுகிறாயா, நான் மீரான் பாயிடம் போகட்டுமா?

சுகிர்தா

*

சாத்தான்குளம்,
2 செப்டம்பர் 2025

சுகிர்தாவுக்கு,

கோமதி டீ கிளாஸ் கதை சொன்னபோது நான் அப்பா வண்டியை வெட்டியிருக்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் வெட்டினேன். தேதி பார்த்துக்கொள்.

நீ எழுதியது என்ன? "ஐந்து வண்டியை விட்டுவிடு. அப்பா வண்டியில் மட்டுமாவது. யாருக்கும் தெரிய வேண்டாம். கிரீஸ் அடிக்க வரும்போது செய்." உன் கையெழுத்து. இங்கே எடுத்து வந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் உன் படத்தை ஒரு வரி மாற்றாமல் செய்தது அந்த ஒரு வேலைதான். அதற்கும் வந்து கேள்வி கேட்கிறாய்.

அப்பா வண்டியை வெட்டும்போது மற்றதையும் வெட்டிவிடலாமா என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்றால் வெட்டியதும் பட்டை ஒரு சத்தத்தோடு இளகி இடத்துக்கு வந்தது. முறுக்கிப் பிடித்திருந்த ஒன்றை விட்டால் வருகிற சத்தம். அதைக் கேட்டதும் நீ சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் நாங்குநேரிக்காரர் வந்தார். பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்கு.

வண்டி சாய்ந்த பிறகு மீரான் பாய் மறுபடி கேட்டார், படம் யார் போட்டது என்று. நீ போட்டாய் என்றேன். பொய்யா?

நீ போய்ச் சொல்ல மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்லக் குரல் வராமல் ஆப்சென்ட் வாங்கியவள் நீ. பேப்பரில்தான் உனக்கு வாய். அத்தனை டிரைவர்மார் முன்னால் நின்று, அப்பா வண்டியை மட்டும் வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுவாயா? சொன்னால் சொல். நான் வரவில்லை.

செந்தில்முருகன்

*

பேட்டை, வீடு,
9 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நேற்று மேலப்பாளையத்தில் மீரான் பாயின் ஷெட்டில் வண்டிகளை வெட்டி முடித்தார்கள். உன் பட்டறை வேலையை வேறு பட்டறை ஆள் வந்து வெட்டினார். நடந்ததை எழுதுகிறேன். நீ வேறு யார் சொல்லியாவது கேட்டிருப்பாய். நான் எழுதுவதையும் வைத்துக்கொள்.

மீரான் பாயிடம் போனவுடன், "நீதான் அந்தப் படம் போட்ட பிள்ளையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார். வரைந்தது ஒன்று, வண்டியில் இருப்பது ஒன்று என்று சொல்வதற்காகத்தான் போனேன். அது வாயில் வரவில்லை. "அந்த வெல்டை வெட்டணும் பாய். அது வரைக்கும் வண்டி ஓடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். குறையை யார் தலையில் வைப்பது என்று அவர் கேட்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. அந்த அளவுக்காவது உன்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

வண்டிகள் வரிசையாக நின்றன. முதலில் சிவசங்கரன் ஓட்டுவது. கேஸ் கட்டிங் வைத்து வெட்டியதும் பட்டை இளகும் சத்தம் வந்தது. நீ எழுதியிருந்த அதே சத்தம். ஆறிய பிறகு சிவசங்கரன் பழக்கத்தில் அடியில் புகுந்து ஆட்டினார்.

"ஏ பிள்ள, ஆடுதே இது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் டிரம் எதுவும் பக்கத்தில் இல்லை. "ஆடணும் அண்ணாச்சி" என்றேன். "ஆடலைன்னாத்தான் பயப்படணும்." குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அதற்கு இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அன்றைக்குப் பட்டறையில் இந்த இரண்டு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும்.

கடைசியாக அப்பா வண்டி. கட்டிங் ஆள் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா கதவில் சாய்ந்து நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல வெட்ட ஒண்ணுமில்ல தம்பி. இது ரெண்டு மாசமா ஆடத்தான் செய்யுது. என் மவன் கிரீஸ் அடிக்க வந்தப்ப வெட்டிவிட்டுட்டான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மகன் எப்போதோ சரிசெய்துவிட்டான் என்று.

கட்டிங் டார்ச்சின் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் அந்த ஆள் அணைத்துவிட்டார். சிவசங்கரன்தான் பைய கேட்டார்.

"உங்க வண்டிக்கு மட்டுமா அண்ணாச்சி?"

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த இடத்தில்தான் அவருக்கு விளங்கியது. பீடி விரலைச் சுடும்வரை அவர் அதைக் கீழே போடவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அப்போது உன் கடிதத்தின் கடைசி வரிகள்தான் ஞாபகம் வந்தன. உனக்காகச் சொன்னேனா, உன்னைத் தோற்கடிக்கச் சொன்னேனா என்று கேட்காதே.

"நான்தான் கேட்டேன்" என்றேன். "அப்பா வண்டில மட்டும் வெட்டச் சொல்லி அண்ணனுக்கு எழுதினது நான்தான். யாருக்கும் தெரிய வேண்டாம்னு எழுதினதும் நான்தான்."

சிவசங்கரன் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்லயும் எங்களுக்காக ஆளுக காத்துக் கெடக்கு தாயி" என்றார்.

அவ்வளவுதான். ஒவ்வொருவராகத் தன் வண்டியில் ஏறி எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அப்பா சாவியை மீரான் பாயின் மேஜைமேல் வைத்தார். பாய், "எதுக்கு அண்ணாச்சி, நீங்க என்ன செஞ்சிய" என்று திருப்பி நீட்டினார். அப்பா வாங்கவில்லை. ஆற்றுப்பாலம் வழியாகப் பேட்டைவரை நடந்தே வந்தார். நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு நடந்தார்.

இன்று காலை அவர் கோமதி அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் வருகிறேன் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஓசூர் போகிறேன். நீ வீட்டுக்கு வருவதானால் அதற்குப் பிறகு வா. முன்பே வந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் ஜூன் மாதமே கேட்டுவிட்டேன், அதிலும் குறைத்து.

நேற்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. உன்னோடு பேசினால், என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுது.

சுகிர்தா